ஆல்பாச் செயலியும் அதன் விரைவும்

கணினி வாங்கப் புகுவார் முதற்கண் வினவுவது அதன் வேகத்தையே. அவ்வேகம் யாதென ஈண்டுச் சிறிது ஆராய்வோம். கணினியினுள் கணக்கிடுந் தொழிலைச் செய்யும் சில்லுக்குச் செயலி என்று பெயர். அஃது ஒரு கடிகாரத் துடிப்பிற்கு இசைந்து தொழிற்படுவது. நொடிக்குப் பத்து லட்சம் துடிப்பாயின் அதனை ஒரு மெகாஹெர்ட்ஸ் என்பர். துடிப்பு மிகின் வேலையும் விரைந்து முடியும் என எண்ணுதல் இயல்பே. ஆயினும், ஒரு துடிப்பினுள் ஒரு செயலி முடிக்கும் வேலையும் மற்றொன்று முடிக்கும் வேலையும் ஒத்த அளவின அல்ல. துடிப்பெண்ணை மாத்திரம் கொண்டு செயலிகளை ஒப்பிடுதல், அடிகளை எண்ணி வழிநடையின் தொலைவைக் கூறுதலை ஒக்கும். சிறுவன் அடி வேறு, நெடியோன் அடி வேறு. இக்குறை நீங்கவே 1988-ஆம் ஆண்டில் கணினி செய்வோர் சிலர் கூடி ஸ்பெக் என்னும் குழுவினை அமைத்து, மெய்யான நிரல்களையே ஓட்டிக் காலம் அளக்கும் முறையை வகுத்தனர்.

வேகத்தினும் நுட்பமானது பிறிதொன்று உண்டு. ஒவ்வொரு செயலி வகைக்கும் தனக்கென ஒரு கட்டளைத் தொகுதி உளது. அதனை அச்செயலியின் தாய்மொழி எனலாம். ஒன்றன் மொழியில் அமைந்த நிரல் மற்றொன்றற்கு விளங்காது. பொறியியலாரும் ஆராய்ச்சியாளரும் கையாண்ட வொர்க்ஸ்டேஷன் என்னும் ஆற்றல் மிக்க கணினிகளில் இவ்வேற்றுமை பெரிதும் தலைதூக்கி நின்றது. சன் நிறுவனத்தார் ஸ்பார்க்கையும், சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனத்தார் மிப்ஸையும், ஐபிஎம் நிறுவனத்தார் பவரையும் கைக்கொண்டனர். யூனிக்ஸ் என்னும் பெயர் யாவற்றிற்கும் பொதுவாயிருந்தும், ஒன்றற்கென விற்ற நிரல் மற்றொன்றில் ஓடாது. மூலநிரல் கையில் உடையார் அதனை மீளத் தொகுத்துக்கொள்வர்; கடையில் வாங்கினார்க்கு அவ்வழியும் இல்லை.

இப்போட்டியிற் காலந்தாழ்த்துப் புகுந்து வேகத்தால் முன்னின்றது ஆல்பா. அமெரிக்க நாட்டில் மாசசூசெட்ஸ் மாகாணத்து மேனார்டு என்னும் ஊரில் 1957-இல் தொடங்கப்பெற்ற டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனத்தார் 1992-இல் இதனை வெளியிட்டனர். ஒரே வீச்சில் 64 பிட் அளவுள்ள எண்ணைக் கையாள வல்ல அதன் முதற்சில்லு 200 மெகாஹெர்ட்ஸ் வரை துடித்தது. மறுவருடம் இண்டெல் நிறுவனத்தார் வெளியிட்ட பெண்டியமோ 60, 66 மெகாஹெர்ட்ஸ் அளவினதே. மும்மடங்கு துடிப்பு மும்மடங்கு வேலையாகாது என்பது முன்னரே கூறப்பட்டது. எனினும் ஸ்பெக் அளவையிலும் ஆல்பாவே பெண்டியத்தை விஞ்சிற்று.

தம் பழைய வாடிக்கையாளரை அந்நிறுவனத்தார் மறந்திலர். 1977 முதல் விற்ற வாக்ஸ் கணினிகளின் நிரல்களை, மூலநிரல் இன்றியே, ஆல்பாவின் மொழிக்குப் பெயர்த்துத் தரும் வெஸ்ட் என்னும் கருவியையும் உடன் அளித்தனர். இடர் பிறிதோரிடத்து எழுந்தது. 1993-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் விண்டோஸ் என்.டி. இயங்குதளத்தை இண்டெல், மிப்ஸ், ஆல்பா மூன்றற்கும் இயற்றினர். அதனை இயற்றிய குழுவின் தலைவர் டேவிட் கட்லர், டிஜிட்டல் நிறுவனத்தில் முன்னர்ப் பணியாற்றியவரே. இயங்குதளம் வந்தது, நிரல்களோ வந்தில. கடைகளில் விற்ற விண்டோஸ் நிரல்கள் பெரும்பாலும் இண்டெலின் மொழியிலேயே இருந்தன. ஆல்பா உடையார் சிலரே ஆகலின் நிரல் செய்வோர் அதற்கெனத் தனியே உழைக்க விரும்பிலர். நிரல் இன்மையால் மக்கள் ஆல்பாவை வாங்கிலர்.

இம்முடிச்சை அவிழ்க்க 1996-இல் வந்த எஃப்எக்ஸ்-32 என்னும் கருவி மிக அழகியது. இண்டெல் நிரலை முதன்முறை ஓட்டுங்கால் அது கட்டளை ஒவ்வொன்றையும் படித்துப் பொருள் கண்டு மெதுவாகவே செய்யும். எப்பகுதிகள் ஓடின எனக் குறித்தும் வைக்கும். நிரல் முடிந்தபின், பயன்படுத்துவோர் அறியாவண்ணம், அப்பகுதிகளை ஆல்பாவின் மொழிக்குப் பெயர்த்து வட்டில் சேமிக்கும். அடுத்த முறை அப்பெயர்ப்பே ஓடும். அகராதியும் கையுமாய் வேற்றுமொழி நூலைப் படிக்கும் மாணவன், வரிகளினிடையே பொருளெழுதி வைத்து மறுமுறை விரைந்து படிப்பதனை இது ஒக்கும்.

ஆயினும் பெயர்ப்பிற்கு ஒரு கூலி உண்டு. 500 மெகாஹெர்ட்ஸ் ஆல்பாவில் பெயர்த்து ஓட்டிய நிரல், 200 மெகாஹெர்ட்ஸ் பெண்டியம் புரோவில் நேரே ஓடியதனை ஏறத்தாழ ஒத்தது. அங்ஙனமாயின் ஆல்பாவிற்கு மிகுபொருள் ஈவது எற்றுக்கு? மேலும், அச்சுப்பொறி முதலியவற்றை இயக்கும் டிரைவர் நிரல்களை அக்கருவி பெயர்க்கமாட்டாது. 1995-இல் வெளிவந்த அப்பெண்டியம் புரோவோ, வெளியே பழைய மொழியைக் கேட்டு, உள்ளே அதனைச் சிறு எளிய கட்டளைகளாகப் பகுத்து விரைந்து முடித்தது. பெயர்ப்புத் தொழிலைச் சில்லினுள்ளேயே வைத்துக்கொண்ட இவ்வுபாயமே என் கருத்தில் ஆல்பாவை வீழ்த்தியது. வணிகத் திறமையின்மையே காரணம் என்பாரும் உளர். அதுவும் ஒருபுடை உண்மையே.

1998-இல் காம்பாக் நிறுவனத்தார் டிஜிட்டலை விலைக்கு வாங்கினர். 1999-இல் ஆல்பாவிற்கு விண்டோஸ் நின்றது. 2001-இல் ஆல்பாவைக் கைவிட்டு இட்டானியம் செயலிக்கு மாறுவதெனக் காம்பாக்கினர் அறிவித்தனர். அடுத்த ஆண்டு காம்பாக்கைத் தன்னுள் இணைத்துக்கொண்ட ஹியூலெட் பாக்கார்டு, 2007-இல் ஆல்பாக் கணினிகளின் விற்பனையை நிறுத்திற்று.

பெயர்க்குங் கலை அத்துடன் மடிந்திலது. 2020-இல் ஆப்பிள் நிறுவனத்தார் இண்டெலை விடுத்துத் தம் சில்லிற்கு மாறியபோது ரொசெட்டா-2 என்னும் கருவி அத்தொழிலையே செய்தது. ஆப்பிளார் தம் கணினிகள் அனைத்தையும் புதிய சில்லிற்கு மாற்ற முற்பட்டமையின் நிரல் செய்வோர் உடன் வருதல் வேண்டியதாயிற்று. டிஜிட்டல் நிறுவனத்தார்க்கு அவ்வதிகாரம் இருந்ததில்லை. வாக்ஸினின்று ஆல்பாவிற்கும், ஆல்பாவினின்று இட்டானியத்திற்கும் குடிபெயர்ந்த வி.எம்.எஸ். இயங்குதளமோ, 2022-இல் இண்டெலின் எக்ஸ்-86 மொழிக்கே வந்து சேர்ந்தது.