கோச்சைத் தேடும் முன் கீப்பரின் இடது காலைப் பாருங்கள்

திருப்பூர் கம்பெனிகளுக்கு வேன் ஏறிப் போகிற எங்கள் மூலனூர்ப் பையன்களுக்கு வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் சொந்தம். அன்றைக்கு விடிந்ததும் மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். மைதானம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். முள் வெட்டி ஒதுக்கிய காலி இடம். ஒரு பக்கம் கிளுவை வேலி, மறுபக்கம் முருங்கைத் தோட்டம். சென்ற மாதம் அங்கே ஒரு பஞ்சாயத்து. அணிக்கு ஜெர்சி எடுத்துக் கொடுக்க ஒரு பவர்டேபிள்காரர், அதாவது கூலிக்குத் தையல் யூனிட் நடத்துகிறவர், முன்வந்திருக்கிறார். கூடவே ஒரு நிபந்தனை: பார்சிலோனா மாதிரி ஆட வைக்கிற கோச்சாகப் பிடிக்க வேண்டும். பையன்களுக்கும் அதே ஆசை. மகன் என்ன படிக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர் மகனைப் பார்த்து முடிவு செய்கிற அப்பாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இதுவும் அந்தக் கதைதான்: காசு போடுகிறவர் சொல்கிறார், டிவியிலும் அதுதான் ஓடுகிறது. அப்புறம் கேள்வி எதற்கு?

“ஏனுங்ணா, நீங்களே சொல்லுங்க. சென்னையின் எஃப்சிக்கே பொசஷன் கோச் வேணும்னு எல்லாரும் பேசறாங்க. நமக்கு மட்டும் வேண்டாங்களா?” என்றான் ஒருவன்.

அங்கே வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன். இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். முப்பது வருடம் கட்டிங் டேபிளில் நின்றவன் நான். உதாரணங்கள் அங்கிருந்து வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அணியை நடத்துகிற ஆளை இங்கிலாந்தில் மேனேஜர் என்பார்கள். நம் ஊரில் மேனேஜர் என்றால் ஷிப்மென்ட் தள்ளிப்போனால் கத்துகிறவர். அதனால் கோச் என்றே வைத்துக்கொள்வோம். கோச்சுகளில் மூன்று வகை. பின்னால் அடைத்து நின்று, பந்து கிடைத்ததும் பாய்கிறவர்கள் ஒரு வகை. ஆன்டோனியோ ஹபாஸ் அப்படித்தான் கொல்கத்தாவுக்கு 2014-லும் 2019-20-லும் ஐஎஸ்எல் கோப்பை வாங்கித் தந்தார். எதிரியின் பாதியிலேயே விரட்டிப் பிடுங்குகிறவர்கள் இன்னொரு வகை. 2021-22-இல் இவான் வுகோமானோவிச் கேரளா பிளாஸ்டர்ஸை இறுதி வரை கொண்டுபோனது அந்த ஓட்டத்தில்தான். மூன்றாவது, அந்தப் பையன் கேட்ட பொசஷன் வகை: பந்தைக் கைவசம் வைத்துக்கொண்டு கீப்பரிலிருந்தே சின்னச் சின்னப் பாஸாக நகர்த்துகிறவர்கள். முதல் இரண்டு வகையிலும் ஆளைத் தவறாகப் பிடித்தாலும் சேதம் கொஞ்சம்தான். மூன்றாவதைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது.

பார்க்க அழகான ஆட்டம், மறுக்கவில்லை. ஆனால் அதில் முதல் பாஸ் கொடுப்பவன் கீப்பர், இரண்டாவது கொடுப்பவன் அவனுக்கு முன்னால் நடுவில் நிற்கிற தடுப்பு ஆட்டக்காரனான ஸ்டாப்பர். இந்த இருவரின் கால் சரியில்லை என்றால் அந்தப் பாணி எதிரிக்கு வைக்கிற விருந்து. 2019-இல் கோல் கிக் விதி மாறியது. பந்தைப் பெனால்டி கட்டத்துக்குள்ளேயே தன் ஆளிடம் தட்டிவிடலாம் என்று ஆனதும் உலகம் முழுக்க இந்த மோகம் ஒரு படி ஏறிவிட்டது. தட்டிவிடலாம் என்றால் தட்டித்தான் ஆக வேண்டும் என்று பல கோச்சுகள் எடுத்துக்கொண்டார்கள்.

கிபு விகுன்யாவை எடுத்துக்கொள்ளுங்கள். மோகன் பகானுக்கு 2019-20 ஐ-லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். ஆட்டம் அவ்வளவு கோர்வை. பார்த்த கையோடு கேரளா பிளாஸ்டர்ஸ் அவரை அழைத்துக்கொண்டது. அங்கே ஸ்டாப்பர்கள் ஜிம்பாப்வேயின் கோஸ்டா நமோய்னேசு, புர்கினா ஃபாசோவின் பகாரி கோனே. இருவரும் ஐரோப்பாவில் பெரிய ஆட்டங்கள் பார்த்தவர்கள்தான். ஆனால் விரட்டி வருகிறவனைத் தாண்டிச் சின்னப் பாஸில் ஆட்டத்தைத் தொடங்கி வைப்பது வேறு வேலை. கோவிட் காலம், எல்லா ஆட்டமும் கோவாவில், காலி மைதானத்தில், சேர்ந்து பழக நாளும் குறைவு. 2021 பிப்ரவரியில் ஹைதராபாத்திடம் 4-0 என்று தோற்றதும் விகுன்யா கிளம்பினார். கேரளா பத்தாவது இடத்தில் முடித்தது. அதே ஆள், அதே பாணிதான். கட்டிங் டேபிளில் இதைத் தினம் பார்க்கலாம். சிங்கிள் ஜெர்சியை வெட்டினால் ஓரம் சுருண்டுகொள்ளும். இன்டர்லாக் சுருளாமல் கிடக்கும். போன ஆர்டரில் சரியாக வந்த பேட்டன் என்று துணியைத் தொட்டுப் பார்க்காமல் அடுக்கி லே போட்டால், தப்பு பேட்டனில் இல்லை, கத்தரி பிடித்தவனிடம்தான்.

வெளியூரிலும் இதே கதை. வின்சென்ட் கொம்பனியின் பர்ன்லி 2022-23-இல் இரண்டாம் டிவிஷனை 101 புள்ளிகளோடு ஜெயித்து மேலே வந்தது. மேலே வந்தும் அதே பாஸ் ஆட்டத்தை விடவில்லை. 24 புள்ளிகளோடு 19-ஆவது இடம். வந்த வழியே இறங்கியது. அடுத்த வருடம் ரஸ்ஸல் மார்ட்டின் சவுத்தாம்ப்டனில் கீப்பரிலிருந்து பாஸ் போடும் பிடிவாதத்தைத் தொடர்ந்தார். டிசம்பரில் அவர் வேலை போனது. அணி மொத்தம் 12 புள்ளிகளோடு இறங்கியது. இதில் வேடிக்கை என்னவென்றால், கொம்பனியைப் பேயர்ன் மியூனிக் கூப்பிட்டுக்கொண்டது, 2024-25-இல் அவர் ஜெர்மன் பட்டமும் வாங்கினார். மனிதர் மாறவில்லை. பந்தை வாங்குகிற கால்கள் மாறின.

இந்த இடத்தில் கோயம்புத்தூர்க்காரர்கள் என்னை விடமாட்டார்கள். நியாயமும் அவர்கள் பக்கம் உண்டு. பேரில் சென்னை இருந்தாலும் சென்னை சிட்டி எஃப்சிக்குச் சொந்த மைதானமாக இருந்தது கோவை நேரு ஸ்டேடியம்தான். முந்தைய வருடம் அட்டவணையின் அடிப்பக்கத்தில் தவித்த அணி. சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் வந்தார். பந்தைத் தரையில் வைத்து ஆடச் சொன்னார். 2018-19 ஐ-லீக் பட்டம் கோவைக்கு வந்தது. ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூட: 43-க்கு 42. 2019 மார்ச் 9-ஆம் தேதி கடைசி ஆட்டத்துக்குத் தாராபுரம், பல்லடம் வழியாகப் பஸ் பிடித்து நானும் போயிருந்தேன். மினர்வா பஞ்சாப் ஆரம்பத்திலேயே கோல் போட்டதும் என் பக்கத்தில் இருந்தவர் பொரி பொட்டலத்தைக் கசக்கிக் கீழே எறிந்தார். 3-1 என்று முடிந்தபோது அதே பொட்டலத்தைப் பொறுக்கி எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஆனால் அந்த அணியின் கால்களைப் பாருங்கள். 21 கோல் போட்ட பெத்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டியோ, சாந்த்ரோ ரோட்ரிகஸ், பின்னால் ரொபெர்தோ எஸ்லவா என்று முதுகெலும்பு முழுக்க ஸ்பெயின் பள்ளியில் வளர்ந்தது. பக்கத்தில் எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் மாதிரி ஓடிக்கொண்டே பந்தை வாங்கத் தெரிந்த நம் ஆட்கள். நவாஸ் தன் பாணிக்கு ஏற்ற துணியைக் கையோடு கொண்டுவந்தார். இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை: பட்டத்தை முடிவு செய்த அந்த நாளில் இரண்டு கோல் போட்டவர் கௌரவ் போரா, தடுப்பு ஆட்டக்காரர்.

நான் இப்படி ஒருதலையாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. மறைப்பதற்கில்லை. 2011-இல் வெம்ப்ளியில் பார்சிலோனா மான்செஸ்டர் யுனைடெட்டை 3-1 என்று அடித்ததைப் பார்த்து ஊரே மயங்கிக் கிடந்த சமயம். நான் ஒரு பனியன் கம்பெனி அணியில் ஸ்டாப்பர். வயது அப்போதே தாண்டிவிட்டது. புதிதாக ஒரு கோச் வந்தார். “இனிமே யாரும் தூக்கி அடிக்கக் கூடாது” என்பது முதல் நாள் உத்தரவு. மைதானமோ செம்மண்ணும் சரளையும். ஒரு போட்டியில் கீப்பர் எனக்குத் தட்டிவிட்ட பந்து கல்லில் பட்டு முழங்காலுக்கு எகிறியது. நான் அதை அடக்குவதற்குள் எதிரணிப் பையன் எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டான். நாலு கோல் வாங்கினோம். அடுத்த வாரம் பெஞ்சில் உட்கார்ந்தது நான்; கோச்சும் கல்லும் அங்கேயே இருந்தார்கள். இன்றைக்கும் பந்தை ஓங்கி அடித்து வெளியே தள்ளுகிற ஸ்டாப்பரைக் கண்டால் எழுந்து நின்று கைதட்டத் தோன்றுகிறது. இதைக் கழித்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

எனக்குப் பிடித்த கோச் யார் என்பது இந்நேரம் தெரிந்திருக்கும். ஜான் கிரெகரி. ஒரு காலத்தில் ஆஸ்டன் வில்லாவை நடத்தியவர், 2017-இல் சென்னையினுக்கு வந்தார். அவரிடம் மெய்ல்சன் ஆல்வெஸ், ஹென்ரிக் செரேனோ என்று இரண்டு உறுதியான ஸ்டாப்பர்கள். அழகைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. அந்த சீசனில் அழகு கோவாவிடம் இருந்தது: செர்ஜியோ லொபேரா கோச், 18 கோல் போட்ட கொரோ. அரையிறுதியில் அந்தக் கோவாவைச் சென்னையில் 3-0 என்று அனுப்பி வைத்தார்கள். அதில் ஒன்று வியாசர்பாடி தனபால் கணேஷ் தலையால் முட்டியது. 2018 மார்ச் 17-ஆம் தேதி பெங்களூரில் இறுதி. ஒன்பதாவது நிமிடமே சுனில் சேத்ரி கோல். அப்புறம் இடைவேளைக்குள் இரண்டு கார்னர், இரண்டு முறையும் ஆல்வெஸின் தலை. இரண்டாம் பாதியில் ரஃபேல் அகஸ்தோ ஒன்று. 3-2. லீக் கட்டத்தில் முதலிடம் பிடித்த பெங்களூரு அணியை அவர்கள் ஊரிலேயே கார்னரில் வீழ்த்தியது எனக்கு இன்னும் இனிக்கிறது.

அடுத்த சீசனில் அதே கிரெகரி, கடைசி இடம். 18 ஆட்டம், 9 புள்ளி. செரேனோ போய்விட்டார், கோல் போட வேண்டிய ஜெஜேவின் கால் உறைந்துவிட்டது. போன வருடத்துச் சட்டையை இந்த வருடத்து உடம்புக்குப் போட்டுப் பார்த்த கதை. 2019-20-இன் முதல் நாலு ஆட்டத்திலும் ஒரு கோல்கூட வரவில்லை. ஆறு ஆட்டம் முடிந்ததும் அவர் கிளம்பினார். ஓவன் கோயல் வந்தார். கிட்டத்தட்ட அதே ஆட்கள்தான். ஆனால் வால்ஸ்கிஸின் கோல் வாசனையும் கிரிவெல்லாரோவின் பாஸும் ஏற்கெனவே உள்ளே இருப்பதை அவர் கண்டுகொண்டார். சீக்கிரம் முன்னால் போ என்றார். வால்ஸ்கிஸ் 15 கோல் போட்டார். அடியில் கிடந்த அணி இறுதிக்குப் போய் ஹபாஸின் கொல்கத்தா அணியான ஏடிகேவிடம் 3-1 என்று தோற்றது. ஆக, பாணியைக் கையில் வைத்துக்கொண்டு அணியைத் தேடாமல், அணியைத் தடவிப் பார்த்துவிட்டுப் பாணியைச் சொல்கிறவர் யார் என்று பாருங்கள். நேர்காணலில் ஒரே கேள்வி போதும்: “எங்கள் ஸ்டாப்பரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?” தன் கொள்கையை மட்டும் அரை மணி நேரம் பேசுகிறவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிடலாம்.

ஐஎஸ்எல் கிளப்புகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2021-22 முதல் களத்தில் நாலு வெளிநாட்டவர்தான். மீதி ஏழு பேர் நம் பையன்கள். எந்தப் பாணியாக இருந்தாலும் அதைச் சுமக்கப் போவது அந்த ஏழு பேர். அவர்கள் சின்ன வயதில் எந்த மைதானத்தில் ஆடினார்கள், எந்தக் காலைப் பழக்கினார்கள் என்று தெரிந்தவருக்கு இங்கே ஒரு கை கூடுதல். மிகக் குறைந்த காசில் அய்ஸால் அணியை 2016-17 ஐ-லீக் சாம்பியன் ஆக்கிய காலித் ஜமீல் அப்படிப்பட்டவர். என்னைக் கேட்டிருந்தால் அவரைத்தான் சொல்லியிருப்பேன். 2025-இல் இந்திய அணியே எடுத்துக்கொண்டது. அதே வருடம் சென்னையின் போய்ச் சேர்ந்தது கிளிஃபோர்ட் மிராண்டாவிடம். கோவாக்காரர், 2023-இல் ஒடிசாவுக்கு சூப்பர் கப் வாங்கித் தந்தவர்.

அப்புறம் பொறுமை. சென்னையினுக்கு 2020-இலிருந்து மூன்று சீசனுக்கு மூன்று கோச்: சாபா லாஸ்லோ, போஜிதார் பாந்தோவிச், தாமஸ் பிரதாரிச். நடுவில் கொஞ்ச நாள் சபீர் பாஷா வண்டியைப் பிடித்துக்கொண்டார். லாஸ்லோவின் 20 ஆட்டத்தில் 11 டிரா. சென்னையின் முடித்த இடங்கள் எட்டு, எட்டு, எட்டு. வருடத்துக்கு ஒரு பாணி மாறினால் பையன் எதைத்தான் காலில் ஏற்றிக்கொள்வான்? ஓவர்லாக்கில் கை பழகுவதற்குள் பிளாட்லாக்கில் உட்கார வைத்து, அதுவும் பழகுவதற்குள் கைமடிக்கு அனுப்புகிற கம்பெனியில் டெய்லர் தேறமாட்டான். சூப்பர்வைசரிடம் கேட்டால் பையனுக்குப் புத்தி இல்லை என்பார். 2015-இல் மட்டெராட்ஸி கோச்சாக இருந்த சென்னையின் அட்டவணையின் அடியில் கிடந்தபோது யாரும் அவரைத் துரத்தவில்லை. நாலு ஆட்டம் வரிசையாக ஜெயித்து மேலே வந்தது. வெள்ளத்தால் சொந்த ஊர் அரையிறுதியைப் புனேயில் ஆடியது. இறுதியில் கோவாவிடம் 2-1 என்று பின்தங்கி நின்று, கடைசி நிமிடங்களில் 3-2 என்று கோப்பையை எடுத்துக்கொண்டது. எந்தப் பையனுக்கு எது வருமோ அதைக் கண்டுபிடிக்க ஒரு சீசனாவது வேண்டும். கொடுங்கள். உங்கள் மகனுக்கும் கொடுங்கள் என்று சொல்ல வந்தேன். அது வேறு கட்டுரை.

மூலனூர்ப் பஞ்சாயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு புதுக் கோச் டேப்லெட்டோடு வந்திருந்தார். திரையில் அம்புக்குறிகள் அழகாக ஓடின. பவர்டேபிள்காரரும் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பத்து நிமிடம் கொடுங்கள் என்று கேட்டேன். கீப்பர் பையனை நிற்க வைத்து, பத்து பந்து உருட்டினேன். எல்லாம் இடது காலுக்கு. “அடக்கி, அந்தா நிக்கறானே ஸ்டாப்பரு, அவன் காலுக்குக் குடு சாமி” என்றேன். வாரம் ஆறு நாள் செக்கிங் டேபிளில் நிற்கிற பையன். நல்ல கை; உயரப் பந்து எதையும் விடமாட்டான்.

மூன்று பந்து ஸ்டாப்பரிடம் போனது. ஆறு போக வேண்டாத இடத்துக்குப் போனது. பத்தாவது அவன் காலில் பட்டுச் சுழன்று கிளுவை வேலியைத் தாண்டியது. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வேலி இடுக்கில் நுழைந்து முருங்கைத் தோட்டத்துக்குள் தேடப் போனான். கோச் டேப்லெட்டை உறையில் போட்டார். பவர்டேபிள்காரர் அவரைப் பார்த்து, “கார்னர் அடிக்கச் சொல்லித் தருவீங்களா?” என்று கேட்டார்.