இரட்டைப் படத்திலிருந்து கணிப்பொறிச் சின்னம்

நம் இரு கண்களும் ஒரே காட்சியைச் சற்று வேறுபட்ட இரு நிலைகளிலிருந்து காண்கின்றன. அவ்வேறுபாட்டைக் கொண்டே மூளை ஆழத்தை உணர்கிறது. இவ்வுண்மையைச் சார்லஸ் வீட்ஸ்டன் 1838ஆம் ஆண்டில் ஸ்டீரியாஸ்கோப் என்னும் கருவியைக் கொண்டு விளக்கினார். இடக் கண்ணுக்கு ஒன்றும் வலக் கண்ணுக்கு ஒன்றுமாக அமைந்த ஸ்டீரியோ படங்கள் இன்று களப்பணியாளரின் கணிப்பொறியில் ஏராளமாகச் சேர்கின்றன. அவற்றை எளிதில் இனங்காண, ஒவ்வொரு தொகுப்புக்கும் ஐகான் எனப்படும் சிறு சின்னம் அமைப்பது பயன் தரும். அதனை அமைக்கும் முறை இங்கே விளக்கப்படுகிறது.

கொல்கத்தாவில் ஹூக்ளி நதிக்கரையில் நின்று, 1943இல் திறக்கப்பட்ட ஹௌரா பாலத்தைப் படம் எடுப்பதாகக் கொள்வோம். அண்மையிலுள்ள பொருள் 30 மீட்டர் தொலைவில் இருப்பின், ஒரு படம் எடுத்தபின் காமிராவைப் பக்கவாட்டில் 1 மீட்டர் நகர்த்தி மற்றொன்று எடுத்தல் பொருத்தமாகும். தொலைவில் முப்பதில் ஒரு பங்கு என்பது பொது விதி. இடைப்பட்ட நேரத்தில் படகுகள் நகர்ந்துவிட்டால், அவை பொய்யான ஆழத்தைக் காட்டும். ஆகையால் நிலையான பொருள்களே உள்ள பகுதியைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

முதற்கண் இடம், வலம் சரிபார்த்தல் அவசியம். கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணால் நோக்குக. இடக் கண்ணுக்கு விரல், பின்புலத்தை நோக்க, வலப்புறம் விலகித் தோன்றும். வலக் கண்ணுக்கு இடப்புறம் விலகும். படங்களிலும் இவ்விதியே செல்லும். அண்மைப் பொருள் எப்படத்தில் வலப்புறம் விலகியுள்ளதோ அதுவே இடக் கண்ணின் படம். ஜே.பி.எஸ். வகைக் கோப்புகளில் வலக் கண்ணின் படத்தை இடப்பாதியில் வைப்பது வழக்கமாதலால், இச்சோதனையைத் தவிர்த்தல் ஆகாது. வான்படங்களில் இவ்வரிசை மாறினால் குன்று பள்ளமாகவும், ஆற்றுப்படுகை மேடாகவும் தோன்றும், வரைபடமே பிழைபடும்.

அடுத்து அளவைக் கருதுவோம். சதுரமாக வெட்டிய படத்தின் பக்கம் 4096 படப்புள்ளிகள். அண்மைப் பொருளுக்கும் சேய்மைப் பொருளுக்கும் உள்ள விலகல் வேறுபாடு 128 புள்ளிகள் என்க. படத்தை 256 புள்ளிகளாகச் சுருக்கினால் அவ்வேறுபாடு 8 புள்ளிகளாகிறது. 32 ஆகச் சுருக்கினால் 1 புள்ளி. 16 ஆகச் சுருக்கினால் அரைப் புள்ளி. அரைப் புள்ளியைத் திரையில் காட்ட இயலாது. எனவே சிறு சின்னத்தில் ஆழம் தங்காது என்பது தெளிவு.

ஆகவே செய்முறை பின்வருமாறு:

1. மூலப் படங்களைத் தொடாமல், அவற்றின் பிரதிகளை மட்டும் எடுத்துக்கொள்க.

2. 256 புள்ளிச் சின்னத்துக்குச் சிவப்புக் கூறினை இடப் படத்திலிருந்தும், பச்சை, நீலக் கூறுகளை வலப் படத்திலிருந்தும் எடுத்து இணைக்க. பாலத்தின் தூண் இரு படங்களிலும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துமாறு வைக்க. இடக்கண்ணில் சிவப்பும் வலக்கண்ணில் நீலப்பச்சையும் உள்ள கண்ணாடியால் நோக்கினால் ஆழம் புலப்படும்.

3. 48, 32, 16 புள்ளிச் சின்னங்களுக்கு ஒரு கண்ணின் படமே போதும். முழுப் பாலத்தையும் சுருக்காமல், ஒரு தூணையும் அதனை ஒட்டிய இரும்புச் சட்டங்களையும் மட்டும் வெட்டியெடுக்க. அப்பொழுதுதான் வடிவம் தெளியும்.

4. இந்நான்கு அளவுகளையும் ஜிம்ப் என்னும் இலவச மென்பொருளில் தனித்தனி அடுக்குகளாக வைத்து, ஐ.சி.ஓ. கோப்பாக ஏற்றுமதி செய்க. ஒரே கோப்பில் பல அளவுகள் அடங்கும். கோப்பின் பெயரிறுதியை மட்டும் மாற்றி எழுதினால் உருமாற்றம் நிகழாது.

ஆசிரியர்கள் கட்டைவிரல் சோதனையை மாணவரைக் கொண்டே செய்வித்து, பின்னர் விலகல் கணக்கையும் போடச் செய்யலாம். சின்னம் படத்தை அடையாளம் காட்டுவதேயன்றி, படத்துக்கு ஈடாகாது. ஒரு கண்ணின் படத்தால் அமைந்த சிறு சின்னத்திலிருந்து ஆழத்தை மீட்க வழியில்லை. ஆதலின் சின்னம் அமைந்த பின்னரும், இடம் வலம் குறித்த இரு மூலப் படங்களையும் ஒருசேரப் பாதுகாத்தல் களப்பணியாளரின் கடமையாகும்.