ஓனர் நீங்கதான், ஆனா டிவிடெண்ட் கிடையாது: ரசிகர்கள் வாங்கிய ஃபுட்பால் கிளப்பும் ஒரு பணப் பாடமும்



ஒரு கம்பெனியோட ஷேரை வாங்கினா நமக்கு ரெண்டு உரிமை வருது. ஒண்ணு, லாபத்துல பங்கு. இன்னொண்ணு, ஓட்டு. நம்மில் பெரும்பாலானவங்க முதல் உரிமையை மட்டும்தான் பார்க்கிறோம். டிவிடெண்ட் வந்துச்சா, விலை ஏறிச்சா, அவ்வளவுதான். இ-வோட்டிங் மெயில் வந்தா அது நேரா ப்ரமோஷன்ஸ் ஃபோல்டருக்குப் போயிடும்.

இன்னைக்குப் பாடம் அந்த ரெண்டாவது உரிமையைப் பற்றி. லாபத்துல ஒரு பைசா வராது, ஓட்டு மட்டும்தான் உண்டு என்று தெரிஞ்சே ஆயிரக்கணக்கான சம்பளக்காரங்க பணம் போட்ட ஒரு இடம் இருக்கு. தென்மேற்கு லண்டன்ல இருக்கிற விம்பிள்டன். டென்னிஸ் இல்லைங்க, ஃபுட்பால்.

விம்பிள்டன் எஃப்.சி. 1889-ல் தொடங்கின கிளப். இங்கிலாந்தின் ஃபுட்பால் லீக்குக்குள் நுழையவே 1977 ஆயிடுச்சு. ஆனா 1988-ல் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில் லிவர்பூலை 1-0 என்று சாய்ச்சாங்க. அதுக்கு அடுத்து நடந்ததைத்தான் பணத்தின் கண்ணால பார்க்கணும்.

அவங்க சொந்த மைதானம் பிளவ் லேன். எல்லா ரசிகர்களுக்கும் இருக்கை போடணும்னு விதி வந்தப்போ, அந்தப் பழைய மைதானம் அதுக்குச் சரிப்பட்டு வராதுன்னு 1991-ல் அங்கிருந்து கிளம்பி, கிரிஸ்டல் பேலஸ் கிளப்பின் மைதானத்துக்கு வாடகைக்குப் போனாங்க. பிளவ் லேன் நிலம் பின்னாடி ஒரு சூப்பர்மார்க்கெட் கம்பெனிக்கு விற்கப்பட்டது. இன்னைக்கு அங்க அபார்ட்மெண்ட் இருக்கு. 1997-ல் கிளப்பே நார்வே முதலீட்டாளர்கள் கைக்குப் போச்சு. சொந்த இடம் இல்லாத கிளப்பை எங்கே வேணும்னாலும் தூக்கிட்டுப் போகலாம் இல்லையா? சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மில்டன் கீன்ஸ் நகரத்துக்கு மாத்தப் போறோம்னு சொன்னாங்க. 2002 மே 28 அன்று, மூணு பேர் கொண்ட ஒரு குழு 2-1 என்ற கணக்கில் அதுக்கு அனுமதி கொடுத்தது.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. அப்பா காலத்துல இருந்து சீசன் டிக்கெட் வாங்கினவங்க, வருஷா வருஷம் ஜெர்சி வாங்கினவங்க, இவங்களுக்கு அந்த முடிவுல எத்தனை ஓட்டு? ஜீரோ. ஏன்னா அவங்க கொடுத்த பணம் முழுக்க செலவு. முப்பது வருஷம் வாடகை கொடுத்தாலும் வீடு நம்ம பேருக்கு வராது, அதே கதைதான்.

அடுத்த சில வாரத்துலேயே ரசிகர்கள் புதுசா ஒரு கிளப்பைத் தொடங்கினாங்க. பேரு ஏ.எஃப்.சி. விம்பிள்டன். ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க ஊர் பொதுத் திடலில் ட்ரையல்ஸ் வெச்சாங்க. சுமார் 230 பேர் வந்தாங்க. ஜூலையில் நடந்த முதல் நட்புப் போட்டியில் சட்டன் யுனைடெட்டிடம் 4-0 என்று தோல்வி. பார்க்க வந்தவங்க 4,657 பேர்! பகுதி நேர ஆட்டக்காரங்க ஆடுற கீழ்மட்ட லீக்கில் தொடங்கி, ஒன்பது வருஷத்துல, 2011-ல், மறுபடியும் ஃபுட்பால் லீக்குக்குள் வந்துட்டாங்க.

சரி, இதோட ஓனர் யாரு? டான்ஸ் டிரஸ்ட். (ஆடுற டான்ஸ் இல்லை, அணியின் செல்லப்பேரு ‘டான்’, அதோட பன்மை.) ரசிகர்கள் உறுப்பினரா சேர்ந்த சங்கம் இது. சந்தா வருஷத்துக்கு 25 பவுண்டு அளவில்தான். ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு. சந்தாவுக்கு மேல ஆயிரம் பவுண்டு கொடுத்தாலும் ஓட்டு ஒண்ணுதான். நம்ம ஊர் கூட்டுறவு சங்கம் தெரியும்ல? அதே தத்துவம். சமூக நலனுக்கான சங்கம் என்று பதிவானதால லாபத்தை உறுப்பினர்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கவும் முடியாது.

அப்போ அந்தச் சந்தாவுக்கு என்னதான் கிடைக்குது? என் கணக்குப்படி, ஒரு தடுப்பு உரிமை கிடைக்குது. கிளப்பை விற்கணும், இடம் மாத்தணும்னு யாராவது கிளம்பினா, ‘எங்களைக் கேட்காம முடியாது’ என்று சொல்ற உரிமை. 2002-ல் அவங்க கையில இல்லாதது அது ஒண்ணுதான். டேர்ம் இன்ஷூரன்ஸ் பிரீமியம் மாதிரி யோசிங்க. ரிட்டர்ன் எவ்வளவுன்னு கேட்டா அந்தக் கேள்வியே பொருந்தாது.

ஆனா ஓனர்னு ஆயிட்டா, பில் வரும்போதும் நீங்கதான் ஓனர். இதைத்தான் நிறைய பேர் மறந்துடுறாங்க.

ரசிகர்களோட பெரிய கனவு பிளவ் லேனுக்கே திரும்பிப் போறது. பழைய மைதானத்துல இருந்து சில நூறு மீட்டர் தூரத்துல, நாய்ப் பந்தயம் நடந்த ஒரு இடம் கிடைச்சது. சுமார் 9,000 பேர் உட்காரும் மைதானம். அதுவரைக்கும் தங்களுக்குச் சொந்தமா இருந்த கிங்ஸ்மெடோ மைதானத்தை செல்சிக்கு வித்தாங்க. 2019-ல் பொதுமக்களிடம் சிறு பங்குகள் விற்று 20 லட்சம் பவுண்டுக்கு மேல திரட்டினாங்க. அப்பவும் ஓட்டு பலம் டிரஸ்ட் கையிலேயே இருக்கிற மாதிரி பார்த்துக்கிட்டாங்க. அத்தனையும் செஞ்சும் 2019 கடைசியில பணம் பத்தலை. கட்டடம் பாதி எழும்பி நிக்குது. வெளி முதலீட்டாளர்களைக் கொண்டு வந்து டிரஸ்ட்டோட பிடியைத் தளர்த்தினா சிக்கல் தீரும் என்று ஒரு பேச்சு. கட்டுப்பாட்டைக் கொடுத்துட்டு மைதானத்தை வாங்குறதா, இல்ல நம்ம பையிலேயே கையை விடுறதா?

ரசிகர்கள் ரெண்டாவதைத் தேர்ந்தெடுத்தாங்க. ‘பிளவ் லேன் பாண்டு’ என்று ஒரு கடன் பத்திரம். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், வட்டி எவ்வளவு வேணும்னு கடன் கொடுக்கிறவரே சொல்லலாம். அதிகபட்சம் 4%. வட்டியே வேண்டாம்னும் சொல்லலாம். சில வாரத்துலேயே 50 லட்சம் பவுண்டுக்கு மேல வந்துடுச்சு. 2020 நவம்பர் 3-ல் புது மைதானத்துல முதல் ஆட்டம், டான்காஸ்டர் ரோவர்ஸோட 2-2 டிரா. கொரோனா காலம். பணம் போட்ட ரசிகர்கள் ஒருத்தர்கூட உள்ளே இல்லை, வீட்டுல உட்கார்ந்துதான் பார்த்தாங்க.

இப்போ கால்குலேட்டரை எடுங்க. ஒருத்தர் 1,000 பவுண்டை பத்து வருஷத்துக்கு வட்டி இல்லாம கொடுக்கிறார்னு வெச்சுக்குவோம். அதே பணத்துக்கு வருஷம் 4% கூட்டு வட்டி வாங்கியிருந்தா பத்தாவது வருஷம் 1,480 பவுண்டு கையில இருக்கும். அதாவது 480 பவுண்டை அவர் நன்கொடையா கொடுத்திருக்கார், ரசீது இல்லாம. அது தப்பான முடிவுன்னு நான் சொல்லலை. ஆனா அந்த 480 அவருக்குத் தெரிஞ்சிருக்கணும். இன்னொரு விஷயம், கடன் வாங்கின கிளப்போட ஓனரும் இவர் உறுப்பினரா இருக்கிற சங்கம்தான். வட்டியைக் கூட்டிக் கேட்டா கிளப்பின் செலவு கூடும். பெரும்பாலான பாண்டுகள்ல முதலீட்டாளர் இப்படி ரெண்டு பக்கமும் நிக்கமாட்டார்.

பேலன்ஸ் ஷீட்டில் வராத ஒரு வரவும் இருக்கு. 2020 மார்ச்சில் லாக்டவுன் வந்ததும், இந்த ரசிகர்கள் ‘டான்ஸ் லோக்கல் ஆக்‌ஷன் குரூப்’ என்று சேர்ந்து, சூப்பர்மார்க்கெட் வாசல்ல நின்று உணவுப் பொருள் திரட்டி, கஷ்டப்படுற குடும்பங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாங்க. பழைய லேப்டாப்பை சரி பண்ணி பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாங்க. பதினெட்டு வருஷமா ஒண்ணா நிதி திரட்டிப் பழகின கூட்டம் அது; தன்னார்வலர்களைத் தேடி அலைய வேண்டிய அவசியமே வரலை.

இதே மாடல் எல்லா இடத்துலயும் நிலைக்குமா? இல்லை. போர்ட்ஸ்மவுத்தைப் பாருங்க.

2008-ல் எஃப்.ஏ. கோப்பை ஜெயிச்ச கிளப். வருமானத்துக்கு மேல சம்பளம் கொடுத்து, ஓனர் மேல ஓனர் மாறி, 2010-லும் 2012-லும் ரெண்டு தடவை திவால் நிர்வாகத்துக்குப் போய், பிரீமியர் லீக்ல இருந்து நாலாவது அடுக்கு வரைக்கும் விழுந்தது. 2013-ல் ரண்டாயிரத்துக்கும் அதிகமான ரசிகர்கள் ஆளுக்கு 1,000 பவுண்டு போட்டாங்க. அன்றைய மதிப்புல 80,000 ரூபாய்க்கு மேல. கூடவே சில வசதியான உள்ளூர் ரசிகர்களும் பெரிய தொகை போட, கிளப் அவங்க கைக்கு வந்தது. அடுத்த வருஷமே பழைய கடன் பாக்கியெல்லாம் தீர்த்தாங்க. 2017-ல் நாலாவது அடுக்கில் சாம்பியன்.

அதே 2017-ல், டிஸ்னியின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஐஸ்னரின் கம்பெனிக்கு 56.7 லட்சம் பவுண்டுக்கு கிளப்பை விற்க ரசிகர்களே ஓட்டு போட்டாங்க! காரணம் எளிமையானது. பழைய ஃப்ராட்டன் பார்க் மைதானத்தைப் பராமரிக்கவே பெரிய பணம் வேணும். மேல ஏறணும்னா இன்னும் வேணும். ஒவ்வொரு தடவையும் பள்ளி ஆசிரியர்கிட்டயும் பஸ் டிரைவர்கிட்டயும் இன்னொரு ஆயிரம் கேட்க முடியாதே. போட்ட பணம் ஏறக்குறைய அப்படியே திரும்பக் கிடைச்சது, லாபம்னு சொல்ல ஒண்ணும் இல்லை. இதை நான் தோல்வியா பார்க்கலை. விற்கலாமா வேண்டாமா, யாருக்கு விற்கலாம் என்று முடிவு பண்ற இடத்துல இந்தத் தடவை ரசிகர்கள் உட்கார்ந்திருந்தாங்க. விம்பிள்டன் ரசிகர்களுக்கு 2002-ல் அந்த நாற்காலியே போடலை.

ஜெர்மனி இதுக்கு நடுவுல ஒரு வழி வெச்சிருக்கு. 1998-ல இருந்து கிளப்புகள் கம்பெனி ஆகலாம், வெளி முதலீடு வாங்கலாம். ஆனா ஓட்டுல பாதிக்கு மேல உறுப்பினர் சங்கத்துகிட்ட இருக்கணும். லெவர்குசன், வோல்ஃப்ஸ்பர்க் மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு. பயர்ன் மியூனிக்கில் அடிடாஸ், ஆடி, அலியான்ஸ் மூணும் தலா 8.33% வெச்சிருக்காங்க, மீதி 75% உறுப்பினர் சங்கத்துக்கு. முதலீடு வேற, கட்டுப்பாடு வேற. இது நமக்கும் புதுசு இல்லை. டாடா மோட்டார்ஸ் டிவிஆர் ஷேர் ஞாபகம் இருக்கா? பத்து ஷேருக்கு ஒரு ஓட்டு, பதிலுக்கு 5 சதவீதப் புள்ளி கூடுதல் டிவிடெண்ட். 2024-ல் அதை சாதாரண ஷேரா மாத்திட்டாங்க. அங்க ஓட்டைக் குறைச்சு பணத்தைக் கூட்டினாங்க. டான்ஸ் டிரஸ்ட்டில் பணத்தை ஜீரோ ஆக்கிட்டு ஓட்டை மட்டும் கொடுத்தாங்க.

உங்க சம்பளத்துக்கு வருவோம். நண்பர் ஆரம்பிக்கிற கஃபேல பார்ட்னர், அபார்ட்மெண்ட் சங்கத்தோட கார்பஸ் ஃபண்ட், ஊர்ல பத்து பேர் சேர்ந்து வாங்குற டர்ஃப் கிரவுண்டு, இப்படி ‘நீயும் ஓனர்’ என்ற வார்த்தையோட வர்ற எதுலயும் பணம் போடுறதுக்கு முன்னாடி, லாபப் பங்கு எவ்வளவு, ஓட்டு எவ்வளவுன்னு தனித்தனியா எழுதி வாங்குங்க. நாளைக்குப் பணம் பத்தலைன்னா யார் போடணும், போடாதவங்க பங்கு குறையுமா என்பதையும் அன்னைக்கே பேசிடுங்க. வெளியே வரணும்னா யார் வாங்கிப்பாங்க என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதிலே இருக்காது. பதில் இல்லைன்னா, அந்தப் பணத்தை உங்க ஷீட்ல எஸ்ஐபி, பிஎஃப் இருக்கிற பக்கத்துல எழுதாதீங்க. பயணம், நன்கொடை, பொழுதுபோக்குன்னு செலவுப் பக்கத்துல எழுதுங்க. எமர்ஜென்சி ஃபண்டைத் தொட்டு இதைச் செய்யவே கூடாது.

ஆபீஸ்ல இஎஸ்ஓபி கொடுத்து ‘இனி நீங்களும் ஓனர்’ என்று ஹெச்ஆர் மெயில் வந்திருந்தா, அந்தக் கடிதத்தை இன்னைக்கே திறந்து பாருங்க. நம்ம நாட்டுச் சட்டப்படி, ஆப்ஷனை எக்ஸர்சைஸ் பண்ணி ஷேர் உங்க பேருக்கு வர்ற வரைக்கும் உங்களுக்கு டிவிடெண்டும் கிடையாது, ஓட்டும் கிடையாது.