வலிக் குளிசையும் பாரிசவாதமும்

முழங்கால் வலித்தால் நம் வீடுகளில் முதலில் தேடப்படுவது பழைய மருந்துத் துண்டுதான். டொக்டர் ஒரு வாரத்துக்கென எழுதியதைப் பாமசியில் காட்டி, மாதக்கணக்கில் விழுங்கும் உம்மம்மாமார் கிண்ணியாவிலும் மூதூரிலும் இருக்கிறார்கள். வலி நின்றால் போதும் என்பது அவர்களது நியாயம். அதன் மறுபக்கத்தை உலகம் 2004இல் கண்டது.

மூட்டுவாதத்துக்கான ‘வயொக்ஸ்’ என்ற மருந்தை அமெரிக்காவின் மேர்க் கம்பனி 1999இல் அறிமுகப்படுத்தியது. வயிற்றுப்புண் குறைவாக வரும் என்பதே அதன் சிறப்பு. பின்னர் 2,586 பேரிடம் நடந்த ஆய்வில், அதை உட்கொண்டோருக்கு மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவற்றின் அபாயம், மருந்தில்லா வெற்றுக் குளிசை உட்கொண்டோரைவிட ஏறத்தாழ இரு மடங்கு எனத் தெரிந்தது. 2004 செப்டெம்பர் 30இல் கம்பனியே அதை மீளப்பெற்றது. அவ்வாண்டு டிசம்பரில் இந்தியாவும் தடைசெய்தது.

காரணம் என்ன? இரத்தக்குழாய்ச் சுவரில் உண்டாகும் புரொஸ்டாசைக்கிளின் இரத்தம் உறையாமல் காக்கிறது. குருதிச் சிறுதட்டுகளின் துரொம்பொக்சேன் உறையச் செய்கிறது. இம்மருந்து முன்னதைக் குறைத்து, பின்னதை அப்படியே விட்டுவிடுகிறது. உடலில் உப்பும் நீரும் தங்குவதால் பிரஷரும் கூடுகிறது. உறைந்த கட்டி மூளைக்குச் செல்லும் குழாயை அடைத்தால் பாரிசவாதம்.

வயொக்ஸ் போய்விட்டது. ஆனால் நம் அலுமாரியிலுள்ள டைக்குளோபினாக்கும் இவ்வபாயம் கொண்டதே. மாரடைப்போ பாரிசவாதமோ வந்தவர்கள் அதைப் பாவிக்கக் கூடாதென ஐரோப்பிய மருந்து முகவரகம் 2013இல் அறிவுறுத்தியது. பிரஷர், சீனி வருத்தம் உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்டே பாவிக்க வேண்டும். குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு மட்டும்.

அறிகுறிகளை அறிந்துகொள்வோம். சந்தேகம் வந்தால் சிரிக்கச் சொல்லுங்கள். வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரு கைகளையும் உயர்த்தச் சொல்லுங்கள். ஒரு கை தாழ்கிறதா? பெயரைக் கேளுங்கள்; பேச்சுக் குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் உடனே 1990 அம்பியூலன்ஸை அழையுங்கள். சில நிமிடங்களில் சரியானாலும் அது எச்சரிக்கையே. உணவோ தண்ணீரோ குளிசையோ கொடுக்காதீர்கள். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துவையுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும்.

முன்பு கிண்ணியாவிலிருந்து திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் போக, பாதைக்காகக் கரையில் காத்திருந்தோம். 2009இல் பாலம் வந்தது. “கொஞ்சம் படுத்தால் சரியாகும்” என்று அந்த நேரத்தை நாமே வீட்டில் இழக்கலாமா? சகோதரிகளே, இன்றே உம்மம்மாவின் மருந்துப் பையைத் திறந்து, துண்டின் திகதியைப் பாருங்கள்.