மயிலாப்பூருக்கு டீசல் எதற்கு?

கேள்வி: வீட்டில் ஆறு பேர். அலுவலகம் தி.நகரில். இன்னோவா கிரிஸ்டா டீசல் வாங்கலாமா, ஸ்விஃப்ட் பெட்ரோல் போதுமா? எது நன்றாக இழுக்கும்?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: கிரிஸ்டாவின் குதிரைத்திறன் 150. 2024-ல் வந்த ஸ்விஃப்டுக்கு 82. ஆனால் கிரிஸ்டாவின் எடை ஏறக்குறைய இரண்டு மடங்கு. எடையால் வகுத்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் டார்க்கில், அதாவது எஞ்சினின் இழுவிசையில். கிரிஸ்டாவில் 343 நியூட்டன் மீட்டர், நிமிடத்துக்கு 1,400 சுற்றிலேயே முழுதாகக் கிடைத்துவிடும். ஸ்விஃப்டில் சுமார் 112. அதற்கும் 4,300 சுற்று வரை விரட்ட வேண்டும். ஆள், பெட்டி எல்லாம் ஏற்றிக்கொண்டு ஏற்காடு ஏறினால் இது நன்றாகத் தெரியும்.

லஸ்ஸிலிருந்து பாண்டி பஜாருக்குத் தெரியாது. நான்கைந்து கிலோமீட்டர், அதுவும் மெட்ரோ பணிக்காகச் சுற்றிவிடும் தெருக்கள். பிஎஸ்-6 டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடிக்க ஒரு வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரி எரிய சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் வண்டிக்கு அந்தச் சூடு வராது. அடைப்பு விளக்குதான் எரியும். அவ்வப்போது ஈசிஆரில் மாமல்லபுரம் வரை சீராக ஓட்டிவர முடியுமென்றால் மட்டும் டீசலை யோசியுங்கள்.

அதற்காக ஸ்விஃப்டில் ஆறு பேரை அடைக்கவே வேண்டாம். அதில் இருப்பது ஐந்து சீட் பெல்ட். மடியில் உட்காரும் குழந்தைக்குப் பாதுகாப்பே இல்லை. ஏழு பேர் அமரும் எர்டிகா பெட்ரோலை, வீட்டார் எல்லோரையும் ஏற்றி, ஏசியைப் போட்டு, கத்திப்பாரா மேம்பாலத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.