நீலமலைக்கு ஒரு வில்லை: ஓர் ஆய்வு

முன்னுரை

‘பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்’ என்பது பழமொழி. ஒளிப்படக் கலை பயிலும் மாணவர்க்கு இது மிகவும் பொருந்தும். பை நிறைய லென்சுகளைச் சுமந்து உதகைக்கு ஏறுவோர், எதனை மாட்டுவது என எண்ணி முடிப்பதற்குள் மூடுபனி வந்து காட்சியை மறைத்துவிடுகிறது.

நீலகிரிக்கும் ஒளிப்படத்திற்கும் உள்ள உறவு பழையது. 1960இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் எனும் பொதுத்துறை நிறுவனம் உதகையிலிருந்தே ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் சுருள்களை நாட்டிற்கு வழங்கியது. அவ்வாலை இன்று மூடப்பட்டுவிட்டது; இந்து நகர் எனும் ஊர்ப்பெயர் எஞ்சி நிற்கிறது. இத்தகைய மலையில் ஒரே ஒரு வில்லையைக் கொண்டு படம்பிடிப்பதாயின் எதனைத் தேர்வது, ஏன் தேர்வது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

வில்லையும் குவியத் தொலைவும்

பொருள்களிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே நாம் காண்கிறோம் என்பதைப் பஸராவில் பிறந்த இப்னு அல்ஹைதம் பதினோராம் நூற்றாண்டில் ‘கிதாபுல் மனாழிர்’ எனும் நூலில் சோதனைகளின் வாயிலாக விளக்கினார். கேமராவும் அவ்வொளியையே தேக்கிக் கொள்கிறது.

குவியத் தொலைவு மாறாத வில்லையைப் பிரைம் லென்ஸ் என்பர். மாற்றத்தக்கதைச் சூம் லென்ஸ் என்பர். சூம் வில்லை நின்ற இடத்திலேயே காட்சியை அருகிழுத்துத் தருகிறது. பிரைம் வில்லையோ, ‘நீயே நடந்து செல்’ என்று நம்மைப் பணிக்கிறது. ஆதலின் ஒரு பிரைம் வில்லையைத் தேர்வது, உலகிலிருந்து எவ்வளவு தொலைவில் நிற்கப்போகிறோம் என்பதைத் தேர்வதே ஆகும்.

24 மி.மீ. உயரமும் 36 மி.மீ. அகலமும் உடைய படச்சட்டத்தில், 85 மி.மீ. வில்லை அகலவாக்கில் ஏறத்தாழ 24 பாகையும், 50 மி.மீ. வில்லை 40 பாகையும், 35 மி.மீ. வில்லை 54 பாகையும் காண்கின்றன.

மலை விதிக்கும் நிபந்தனைகள்

முதலாவது, இடம். குன்னூர்ச் சரிவில் கொழுந்து பறிக்கும் ஒருவரை, அவரைச் சூழ்ந்த செடிகளோடு 2.4 மீட்டர் உயரக் காட்சியாக, கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுப்பதாகக் கொள்வோம். 35 மி.மீ. வில்லைக்குச் சுமார் 2.3 மீட்டர் தொலைவு போதும், 50 மி.மீ. வில்லைக்கு 3.3 மீட்டரும், 85 மி.மீ. வில்லைக்கு 5.7 மீட்டரும் வேண்டும். நெருங்கிய தேயிலை வரிசைகளுக்கிடையே, பின்னால் பள்ளம் இருக்க, நினைத்தபடி பின்வாங்குதல் அரிது.

இரண்டாவது, ஒளி. சோலைக்காட்டின் உள்ளும் மேகம் கவிந்த பிற்பகலிலும் ஒளி மங்கிவிடும். எஃப் 2 துளையுடைய வில்லை, எஃப் 5.6 துளையைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு ஒளியை ஏற்கிறது. முன்னதில் 1/30 நொடியில் முடியும் படத்திற்குப் பின்னதில் கால் நொடி வேண்டும். அதற்குள் கையும் அசையும், கொழுந்தும் அசையும்.

மூன்றாவது, பனி. பள்ளத்தாக்கின் மறுபுறத்தை நீண்ட வில்லையால் இழுத்தால், இடைப்பட்ட பனித்திவலைகள் ஒளியைச் சிதறடித்துப் படத்தை வெளிறச் செய்யும். அருகில் சென்று எடுப்பின் முகம் தெளிவாக நிற்கும். பனி பின்னணியாக அமையும். பகையாக இருந்த பனி துணையாகிவிடுகிறது.

இம்மூன்றையும் சீர்தூக்கின் 35 மி.மீ. வில்லையே நீலகிரிக்கு ஏற்றது என்பது நம் துணிபு.

ஒரு தடை

பிரெஞ்சு ஒளிப்பட மேதை ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் பெரிதும் 50 மி.மீ. வில்லையையே கையாண்டார் அல்லரோ எனச் சிலர் வினவலாம். உண்மையே. 1950இல் புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் வந்து படமெடுத்தவர் அவர். அவரிடம் நாம் கற்க வேண்டியது 50 எனும் எண்ணன்று; ஒரே வில்லையோடு கண்ணைப் பழக்கிய உறுதியே ஆகும். அவர் தம் கண்ணுக்கு இசைந்ததைத் தேர்ந்தார். நாம் இம்மலைச் சரிவுக்கு இசைந்ததைத் தேர்கிறோம்.

அண்மையும் அனுமதியும்

எனினும் அருகில் செல்லுதல் மட்டுமே சிறப்பாகிவிடாது. 1873இல் வில்லியம் மார்ஷல் தோடர் மக்களைப் பற்றி வெளியிட்ட நூல், மண்டை ஓட்டின் வடிவைக் கொண்டு மனிதர் இயல்பை அளக்க முனைந்தது. அதில் தோடரின் ஒளிப்படங்களும் இடம்பெற்றன. அம்மக்கள் அங்கே அளவைப் பொருளாக நிறுத்தப்பட்டனர். மண்டையை அளந்து குணத்தைக் கூறும் அக்கொள்கையைப் பின்னாளில் அறிவியல் தள்ளிவிட்டது.

பிறர் இல்லத்தில் அனுமதி பெற்று, ஸலாம் கூறிய பின்னரே நுழைய வேண்டும் எனத் திருக்குர்ஆன் நமக்குப் பணிக்கிறது. ஒருவருடைய முகமும் அவருடைய இல்லம் போன்றதே. தொலைவிலிருந்து நீண்ட வில்லையால் ஒருவர் அறியாது அவர் முகத்தைக் கவர்ந்துவிடலாம். இரண்டரை மீட்டர் தொலைவில் அது கூடாது; வணக்கம் கூறியாக வேண்டும், பெயர் கேட்டாக வேண்டும், ‘வேண்டாம்’ என்று அவர் கூறின் கேமராவைத் தாழ்த்தியாக வேண்டும். அவர் இசைந்து தரும் படம் நம்மிடம் ஒப்படைக்கப்பெறும் அமானிதம். நம் வில்லைத் தேர்வு ஈண்டு ஒழுக்கத் தேர்வாகவும் ஆகிவிடுகிறது.

முடிவுரை

சிறிய உணரியுடைய கேமரா வைத்திருப்போர்க்கு 24 மி.மீ. வில்லை ஏறத்தாழ இதே காட்சியைத் தரும். கேமரா வாங்க இயலாத மாணவர்க்கும் குறையில்லை. கைப்பேசியின் முதன்மை வில்லையும் குவியத் தொலைவு மாறாததே. திரையை விரலால் விரிக்காமல் காலால் நடந்து சென்றால் போதும்.

ஒரு பருவம் முழுதும் ஒரே வில்லையோடு பழகிப் பாருங்கள். கேமராவைக் கண்ணருகே உயர்த்துமுன்பே எது சட்டத்துள் அடங்கும், எது அடங்காது என்பது விளங்கத் தொடங்கும். அடங்காதவற்றை அமைதியாக விட்டுவிடவும் மனம் பழகும். தச்சனின் உளி ஒரு மரத்தில் ஆழப் பதிவது அப்போதுதான்.