வெள்ளைபடுதலும் அரிப்பும்: மறைக்காதீர்கள்



காய்ச்சல், தலைவலி என்றால் உடனே டிஸ்பென்சரிக்குப் போகிறோம். பெண்ணுறுப்பில் அரிப்பு, வெள்ளைபடுதல் என்றால் மட்டும் மாசக்கணக்கில் வாய் திறப்பதில்லை. "உடம்பு சூடு", "எலும்பு உருகிப் போகுது" என்று நாமாகவே ஒரு காரணம் சொல்லிக்கொள்கிறோம். எலும்பு ஒன்றும் உருகவில்லை. நாலு பெண்களில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வருகிற தொற்று இது. அப்ப மாவைப் பொங்க வைக்கிற ஈஸ்ட் இருக்கிறதே, அந்த இனத்தைச் சேர்ந்த கண்டிடா என்ற பூஞ்சணம்தான் காரணம்.

அடையாளம் என்ன?

அரிப்பு, நாற்றம் இல்லாமல் கொஞ்சம் வெள்ளைபடுவது இயற்கை. அதற்குப் பயப்பட வேண்டாம். கடும் அரிப்பு, எரிவு, சிவந்த வீக்கம், தயிர்க்கட்டி போன்ற வெள்ளை இருந்தால் கண்டிடாவாக இருக்கலாம். நாற்றம், மஞ்சள் அல்லது பச்சை நிறம், அடிவயிற்று வலி, காய்ச்சல் இருந்தால் அது வேறு நோய். தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள்.

யாருக்கு அதிகம் வரும்?

1. அன்டிபயட்டிக் குடித்தவர்களுக்கு. பூஞ்சணத்தை அடக்கி வைக்கும் நல்ல கிருமிகளையும் அந்த மருந்து கொன்றுவிடும். இருமலுக்கெல்லாம் கடையில் நீங்களாக வாங்கிக் குடிக்காதீர்கள்.

2. கர்ப்பிணிகளுக்கு.

3. சீனி வியாதிக்காரர்களுக்கு. உடம்பில் கூடும் சீனி பூஞ்சணத்துக்குத் தீனி.

4. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும், ஸ்டீரொயிட் மருந்து எடுப்பவர்களுக்கும்.

ஈரமும் வியர்வையும் பூஞ்சணத்துக்குப் பிடிக்கும். மஸ்கெலியாப் பக்கம் மழையில் நனைந்த பாவாடையோடும் படங்கோடும் அந்தி வரை கொழுந்து எடுக்கிறோம். கீழே யட்டியாந்தோட்டை, தெரணியகலைத் தோட்டங்களில் வெக்கை. கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைக் கடைகளுக்கு வேலைக்குப் போன நம்ம பிள்ளைகளுக்கோ நாள் முழுக்க இறுக்கமான உடுப்பு. ஆகவே பருத்தி உள்ளாடை போடுங்கள். மலையால் வந்ததும் ஈர உடுப்பை மாற்றுங்கள். உள்ளாடையை வெட்கப்பட்டுக் காம்பராவுக்குள் ஒளித்துக் காயப்போடாமல் வெயிலில் போடுங்கள்.

செய்ய வேண்டியதும் கூடாததும்

டெட்டோல், உப்புத் தண்ணீர், தேசிக்காய், வாசனைச் சவர்க்காரம் எதையும் உள்ளே விட்டுக் கழுவ வேண்டாம், புண்தான் கூடும். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். டாக்டர் கிளோட்ரிமசோல் மாத்திரையை இரவில் உறுப்புக்குள் வைக்கச் சொல்லலாம். அரிப்பு நின்றாலும் சொன்ன நாள் வரை வையுங்கள். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் எந்த மாத்திரையும் விழுங்கக் கூடாது.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. இது கெட்ட நடத்தையால் வருவதல்ல. கலியாணம் முடிக்காத பிள்ளைக்கும் வரும். சந்தேகப்பட்டுச் சண்டை பிடிக்காமல், அரை நாள் பேர் போனாலும் பரவாயில்லை என்று கிளினிக்குக் கூட்டிப் போங்கள்.

திரும்பத் திரும்ப வருகிறதா?

வருஷத்தில் மூன்று, நாலு தடவை வந்தால் மருந்து மட்டும் போதாது. இரத்தத்தில் சீனியைச் சோதிக்க வேண்டும். வெளியே தெரியாத சீனி வியாதியை இந்த அரிப்புத்தான் முதலில் காட்டிக் கொடுக்கலாம். கவனிக்காமல் விட்டால் அது கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் கெடுத்துவிடும். 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்குகளில் 35 வயது தாண்டிய பெண்களுக்குச் சீனி, பிரஷர், மார்பு, கருப்பைக் கழுத்து எல்லாவற்றையும் இலவசமாகப் பார்க்கிறார்கள். உங்கள் பகுதியில் எந்த நாளில் நடக்கிறது என்று மிட்வைஃப் அம்மாவிடம் கேளுங்கள். அவரிடம் சொல்ல வெட்கம் வேண்டாம். அவர் தினமும் கேட்கிற விஷயம்தான் இது.